குளிரில் திறந்த வண்டி

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் அந்த மஞ்சள் வண்டி முதல் மேட்டைக்கூட ஏறவில்லை. பாதி ஏற்றத்தில் இருமியது. தும்மியது. நான்கு முழம் பாய்ந்துவிட்டு மறுபடியும் இருமியது. மல்லிகா அதைத் திருப்பி, இறக்கம் இழுத்த இழுப்பில் குடில் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தாள். மணி எட்டரை.

பனியில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி அது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் பல் வைத்த அகலமான ரப்பர்ப் பட்டை, நடுவில் ஸ்கூட்டரில் உட்காருவதுபோல் கால் போட்டு உட்கார ஓர் இருக்கை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிளம்பும். எட்டுக் குளிர்காலம் பார்த்துவிட்டது. அதன் வயதுக்கு அது ஓடுவதே பெரிது என்று குடில் காவலர் ஹுபர் சொல்வார். ஓடாத நாளிலும் அதையேதான் சொல்வார்.

மல்லிகா ஜெர்மனியில் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி. எழுபத்து மூன்றாம் ஆண்டு டிசம்பர் பதினெட்டாம் தேதி ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைமேல் இருந்த இந்தக் குடிலுக்கு வந்தாள். நான்கு கிலோமீட்டர் மேலே, மரம் இல்லாத முகட்டில், தினமும் ஒரு குழி வெட்டி, பனியின் ஒவ்வோர் அடுக்கிலும் வெப்பநிலையை அளந்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து வர வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டுக்குள் முடிக்க வேண்டும். அறுபது நாள். இடையில் ஒரு நாள் விட்டால் அது அறுபது நாள் கணக்கு ஆகாது, இரண்டு துண்டுக் கணக்கு ஆகிவிடும் என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு துண்டை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்கவும் வழியில்லை. உதவித்தொகை ஜூனோடு முடிகிறது.

நடந்து போகலாம் என்றால், நேற்று இரவு முழுவதும் கொட்டிய பனி இடுப்பளவுக்குப் பஞ்சுபோல் கிடந்தது. காலில் மாட்டிக்கொள்ளும் சறுக்குக் கட்டைகளில் மல்லிகா கற்றுக்கொண்டது விழுவதற்கு மட்டும்தான். ஹுபருக்கு இடுப்பு எலும்பில் நோவு. பள்ளத்தாக்கிலிருந்து மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம். இன்று வியாழன்.

வண்டியை விட்டு இறங்கியவள் இருக்கையின்மேல் கையுறையை எறிந்தாள். கதவைத் திறந்துகொண்டு உமாபதி வந்தான். கையில் காபி டம்ளர்.

"எத்தனை நிமிஷம் ஓடுச்சு?" என்றான்.

"எத்தனை நிமிஷமோ. ஓடல, அவ்வளவுதான்."

"கிளம்பினதும் நின்னுச்சா, கொஞ்ச தூரம் நல்லாப் போயிட்டு நின்னுச்சா?"

"மேடு வரைக்கும் போச்சு. அப்பறம் திணற ஆரம்பிச்சுது."

"ஏழெட்டு நிமிஷம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உமாபதி ஒரு வாய் காபி குடித்தான்.

அவன் அவள் கணவன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அவளுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தபோது, கூட வருகிறேன் என்று கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஆயில் எஞ்சினும் பம்புசெட்டும் செய்கிற தொழிற்சாலையில் டெஸ்ட் பெஞ்ச்சில் இருந்தான். விற்றுப் போன எஞ்சின்கள் குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்தால், என்ன குறை என்று பார்க்கிற வேலை. இங்கே அவனுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. சமைத்தான், துணி துவைத்தான், ஜெர்மன் பாடப் புத்தகத்தில் தினமும் ஒரு பக்கம் படித்தான்.

பானில் சேதுராமன் வீட்டில் மாதம் ஒருமுறை தமிழர்கள் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஆராய்ச்சிக்காரர்கள். அங்கே யாராவது உமாபதியிடம், "நீங்க எதுல ரிசர்ச் பண்றீங்க?" என்பார்கள். "சாம்பார்ல" என்பான் அவன். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். மல்லிகாவால் மட்டும் சிரிக்க முடியாது. "இவர் எஞ்சினியர்" என்று அவசரமாகச் சொல்வாள். வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் அவன் மெதுவாகச் சொல்வான்: "நான் டிப்ளமோதான், மல்லிகா." அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன்மேல் அவளுக்குக் கோபம் வரும். பொய் சொன்னது தான்தான், கோபமும் தன்மேல்தான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

ஹுபர் புகைக்குழாயோடு வெளியே வந்தார். "பிளக்" என்றார்.

"இந்த வாரம் மூணு பிளக் மாத்தியாச்சு" என்று ஜெர்மனில் சொன்னாள் மல்லிகா.

"அப்படியானால் நாலாவது."

நேற்று மாலை போனில் பேசிய சேதுராமன், "பாயிண்ட்ஸ் ஃபைல் பண்ணுங்க. நூத்துக்குத் தொண்ணூறு இக்னிஷன்தான்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். அவர் பௌதிகக்காரர். ஊரில் ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வைத்திருந்தார். முந்தாநாள் மல்லிகாவும் ஹுபருமாகச் சேர்ந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தார்கள். கழுவித் துடைத்த பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது. மிச்சம் இருப்பது பிளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் தொடுமுனை, அந்தப் பாயிண்ட்தான் என்று மல்லிகாவும் முடிவு கட்டியிருந்தாள். சின்ன அரம் ஒன்றைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தாள்.

உமாபதி அந்த அரத்தைப் பார்த்தான். "அதை இப்ப உள்ள வெச்சிரு" என்றான்.

"ஏன்?"

"ராவிட்டா அப்பறம் அது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. நாமளே ஒரு புதுக் கோளாறு பண்ணி வெச்சிருவோம். முதல்ல இதுக்கு என்ன நோவுன்னு கேட்கலாம்."

"இது உங்க ஃபேக்டரி இல்லைங்க, நாள் முழுக்க உட்கார்ந்து கேட்க. பதினொண்ணரைக்கு நான் கிளம்பியாகணும்."

குரல் உயர்ந்துவிட்டது. ஹுபர் தமிழ் புரியாதவராக இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உமாபதி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "பதினொண்ணரை" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். அது அவளுக்குப் பதில் சொல்வதுபோலவும் இல்லை, கோபித்துக்கொண்டதுபோலவும் இல்லை. ஓர் அளவைக் குறித்துக்கொள்வதுபோல் இருந்தது.

"என்னைக்கு முதல்ல இருமுச்சு? உன் நோட்டுல இருக்குமே."

இருந்தது. அவளுடைய நோட்டில் எல்லாம் இருக்கும். நாற்பத்தொன்றாம் நாள்: 'வண்டி இருமுறை தடங்கியது.' நாற்பத்தைந்து: 'அடிக்கடி தடங்கல். பிளக் மாற்றம்.' நேற்று, ஐம்பத்தொன்று: 'கடைசி ஒரு கிலோமீட்டர் நடை.'

"அதுக்கு முன்னாடி நாப்பது நாள் ஒண்ணுமே இல்லை" என்றான் உமாபதி. "குளிர்ல கிளம்பமாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. சரி, வா. நீ ஓட்டு. நான் பின்னாடி உட்கார்றேன். மேலே போக வேண்டாம், குடிலைச் சுத்திச் சுத்தி வா."

கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தான். உடனே எடுத்தது. சுற்றி வந்தார்கள். மரத்தடிக் கொட்டகை, விறகு அடுக்கு, ஹுபரின் புகைக்குழாய், மறுபடியும் கொட்டகை. செக்குமாடுபோல் சுற்றுகிறோமே என்று மல்லிகாவுக்கு எரிச்சலாக வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். உமாபதி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒரு கை அவள் தோளில், மறு கை எஞ்சின் மூடிமேல்.

ஏழாவது நிமிடத்தில் முதல் இருமல் வந்தது.

"நிறுத்தாதே. கொஞ்சம் வேகம் கொடு."

வேகம் கொடுத்தாள். திணறல் கூடியது. குறைத்தாள். கொஞ்சம் அடங்கியது.

"வேகம் கொடு. திணறும்போதே சாவியைத் திருப்பி அணைச்சிரு. மெதுவா விட்டு அணைக்காதே. இப்ப!"

அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டென்று அணைத்தாள். மலை முழுவதும் அமைதியாகிவிட்டது. உமாபதி குதித்து இறங்கி, சூடான பிளக்கைத் துணி சுற்றிக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தான்.

"இங்க பாரு."

பிளக்கின் முனை வெளிறிப்போய், உலர்ந்து, சுண்ணாம்பு தடவியதுபோல் இருந்தது.

"கரண்ட் இல்லாம இருமுச்சுன்னா, எரியாத பெட்ரோல்ல இது நனைஞ்சு கிடக்கும். எண்ணெய் அதிகமானா கரி பிடிச்சிருக்கும். இது காய்ஞ்சு கிடக்கு. சோறு வேகலைன்னு அடுப்பைக் குத்தம் சொல்லிட்டிருந்தோம். அரிசியே வரலை."

"அப்ப பாயிண்ட் இல்லை."

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்." பிளக்கை ஒயரில் மாட்டி, சிலிண்டர்மேல் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தான். நீலமாக, தடிமனாக ஒரு பொறி. "இல்லை" என்றான் இப்போது.

அவன் 'நினைக்கிறேன்' என்றதற்கும் 'இல்லை' என்றதற்கும் நடுவில் அந்த ஒரு பொறி இருந்ததை மல்லிகா கவனித்தாள். தன் துறையில் இதைச் செய்யாதவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. சேதுராமனின் தொண்ணூறு சதவீதத்தை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

பெட்ரோல் தொட்டி மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது பனியில் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. உமாபதி அதைத்தான் சந்தேகப்பட்டான். மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடியும் சுற்றச் சொன்னான். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். திணறியது. மணி பத்தாகிவிட்டது.

"அது இல்லை" என்றான்.

அவ்வளவுதான். முகம் சுருங்கவில்லை. மூடியைக் குற்றம் சொல்லவில்லை, ஹுபரைப் பார்க்கவில்லை. இருபது நிமிடம் வீணாய்ப் போனதற்கு அவன் குரலில் எந்த வெட்கமும் இல்லை. மல்லிகா தன் கணக்கில் ஒரு பிழை வந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறவள். தவறியதையும் கண்டுபிடித்ததையும் ஒரே குரலில் சொல்ல இவன் எங்கே கற்றுக்கொண்டான்? பதினான்கு மாதமாக இந்தக் குரலை அவள் மந்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை. இப்ப திணறும்போது சோக்கைக் கால்வாசி இழு."

இழுத்தாள். சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். திணறிக்கொண்டிருந்த எஞ்சின் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடியது. தள்ளினாள். திணறியது. இழுத்தாள், ஓடியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குழந்தையிடம் எங்கே வலிக்கிறது என்று அழுத்தி அழுத்திக் கேட்பதுபோல் இருந்தது.

"பெட்ரோல் பட்டினிதான்" என்றான் உமாபதி. குழாயைக் கழற்றிப் பார்த்தான். தொட்டியிலிருந்து தாராளமாகக் கொட்டியது. "தொட்டியில இருந்து வருது. எஞ்சினுக்குப் போகலை. நடுவுல இருக்கிறது கார்புரேட்டர்."

"அதைத்தான் முந்தாநாள் திறந்து பார்த்தோமே. ஒரு தூசிகூட இல்லை."

"எங்க வெச்சுத் திறந்தீங்க?"

"பின்னறையில. வெளியே வெச்சு எப்படித் திறக்கிறது, விரல் விறைச்சுப்போகுமே?"

உமாபதி குழாயைத் திரும்ப மாட்டினான். ஹுபரின் புகைக்குழாயிலிருந்து எழுந்த புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி.

"அறைக்குள்ள நல்லா இருக்கு. வெளியே ஏழு நிமிஷத்துல கெடுது. உள்ளே கொண்டுபோய்த் திறந்தா ஒண்ணுமே இல்லை." விரல் விட்டு எண்ணினான். "அப்படின்னா வெளியே மட்டும் இருக்கிற ஏதோ ஒண்ணு. சூட்டுல காணாமப் போற ஒண்ணு."

மறுபடியும் ஓட்டச் சொன்னான். திணறியதும் அணைக்கச் சொன்னான். அடுத்து அவன் செய்தது ஹுபரைப் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்க வைத்தது. குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளிக் கார்புரேட்டர்மேல் அப்பினான். இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை.

"உன் கணவருக்கு என்ன ஆயிற்று?" என்றார் ஹுபர்.

மல்லிகாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஜெர்மனில் சொன்னாள்: "எஞ்சின் சூடு ஏறி அது உருகிவிடக் கூடாது என்று பார்க்கிறார்."

"எது?"

"அதுதான் இன்னும் தெரியவில்லை."

உமாபதி கையுறையைக் கழற்றினான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருந்த திருகுகள் கையுறைக்குச் சிக்காத அளவு சிறியவை. பதினான்கு டிகிரிக் குளிரில் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அவன் ஒரு திருகைத் தொட்டான், கையை அக்குளில் வைத்துக்கொண்டான், அடுத்த திருகைத் தொட்டான். விரல் நுனிகள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தன. மல்லிகா அவன் கையை எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து ஊதினாள். ஹுபர் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தும் விடவில்லை.

"இந்தக் கை போதும், அந்தக் கையை விடு" என்றான். "கிண்ணத்தைப் பிடிக்கணும்."

கிண்ணம் கழன்றது. உள்ளே பெட்ரோல் கொஞ்சம் இருந்தது. நடுவில் பித்தளை ஜெட். பெட்ரோல் ஏறிப் போக அதில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை. அந்தத் துளையின் வாயில் கற்கண்டுத் துகள்போல் ஏதோ ஒன்று பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் லென்ஸைக் கொடு."

பனித்துகள் பார்க்க அவள் எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் லென்ஸ். கொடுக்கப் போனவள் கொடுக்காமல் தானே குனிந்தாள். மூச்சுப் பட்டு உருகிவிடாமல் இருக்க உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஐம்பத்தொரு நாள் இதைத்தானே செய்தாள்? லென்ஸில் அது கண்ணாடிபோல் தெளிவாக, ஓர் ஓரம் மழுங்கி, ஓர் ஓரம் கூராகத் தெரிந்தது.

"பனிக்கட்டி" என்றாள்.

"பெட்ரோல் இந்தக் குளிருக்கு உறையாது."

"உறையாது. தண்ணி."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தாநாள் சூடான அறையில் அவள் திறந்தபோது அது ஒரு சொட்டாகித் துணியோடு துடைக்கப்பட்டுப் போயிருக்கும். துடைத்தது அவள் கைதான். சுத்தமாக இருக்கிறது என்று நோட்டில் எழுதியதும் அதே கைதான்.

இரவு அறைச் சூடு இன்னும் முழுதாக ஆறாத தொட்டியிலிருந்து பெட்ரோலை அவளுடைய கண்ணாடி ஜாடியில் வடித்தார்கள். பழுப்புப் பெட்ரோலுக்கு அடியில் நிறமில்லாத துளிகள் உருண்டு உருண்டு ஓர் அடுக்காகச் சேர்ந்தன. இரண்டு தேக்கரண்டி இருக்கும்.

"பெட்ரோல் பங்கில் கலந்து விற்கிறார்கள்" என்றார் ஹுபர் திருப்தியோடு. உமாபதிக்கு அதை மல்லிகா மொழிபெயர்த்தாள். அவன் உடனே தகர டின்னிலிருந்த பெட்ரோலை இன்னொரு ஜாடியில் ஊற்றிக் காட்டினான். அடிவரைக்கும் ஒரே பழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வாங்கினதுல இல்லை. தொட்டிக்குள்ளதான் வந்திருக்கு" என்றான் உமாபதி. "மூடின தொட்டிக்குள்ள தண்ணி எங்க இருந்து வரும்? அது எனக்குத் தெரியலை, மல்லிகா."

அவன் அதை மறைக்காமல் கேட்டான். நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு. கோயம்புத்தூரில் எந்த எஞ்சினும் குளிரிலிருந்து சூட்டுக்கும் சூட்டிலிருந்து குளிருக்கும் தினமும் போய் வந்ததில்லை.

மல்லிகா ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நோட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினாள். இருபத்தொன்பதாம் நாள். ஜனவரி பதினைந்து.

மாட்டுப் பொங்கல்.

அன்று காலை உமாபதி விளையாட்டாக வண்டியின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். நமக்கு இங்கே இருக்கிற ஒரே மாடு இதுதான் என்றான். கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலை இருக்கையில் வைத்து, பிறகு இருவருமே சாப்பிட்டார்கள். மாலையில் பனிக்காற்று ஊளையிட்டது. அதுவரை வண்டி மரத்தடிக் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது. குங்குமம் வைத்த பிறகு அதை அந்தக் குளிரில் விட்டுவர அவளுக்கு மனசு வரவில்லை. 'பாவங்க, உள்ள கட்டலாம்' என்று சொன்னது அவள்தான். இருவரும் சேர்ந்து பலகை போட்டுப் பின்னறைக்குள் தள்ளினார்கள். கணப்பு எரிகிற அறை. ஈரத் துணி கொடியில் உலர்கிற அறை. பக்கத்துச் சமையலறையில் சோறு வடிக்கிற ஆவி அங்கேதான் வரும். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் உள்ளே, ஒவ்வொரு காலையும் வெளியே. டின் கனமாக இருக்கிறது என்று தொட்டியைப் பாதிக்குமேல் அவள் நிரப்புவதும் இல்லை. மீதிப் பாதியில் காற்று.

"சூடான ஈரக் காத்து" என்றாள் மெதுவாக. "ராத்திரி கணப்பு அடங்கி அறை ஆறும்போது தொட்டி மூடித் துளை வழியா அதை உள்ள இழுக்கும். காலையில வெளியே போனா குளிர்ந்த தகரத்துல அது தண்ணியாப் படியும். தினமும் கொஞ்சம். இருபத்தி மூணு நாள்."

உமாபதி தலையாட்டினான். புரிந்துகொண்டிருந்தான்.

"சூடான இடத்துல இருந்து குளிர்ந்த இடத்துக்கு நீராவி போய்ப் படியுது" என்றாள். "இதுதாங்க என் ஆராய்ச்சி. இதை அளக்கத்தான் தினமும் மேலே போறேன். போற வண்டியிலேயே இருந்திருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கூர்மையாக, சிரித்துக்கொண்டே, வலிக்கிற மாதிரி.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் உமாபதி. "தண்ணியை வடிச்சுட்டு மறுபடி உள்ளதான் விட்டிருப்பேன். நாலு நாள்ல திரும்ப வந்திருக்கும்." பிறகு ஹுபரைப் பார்த்து, பாடப் புத்தக ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாக, "ஜன்னல், தோல், இருக்கா?" என்றான்.

ஹுபருக்குப் புரிந்தது. கண்ணாடி துடைக்கிற ஷாம்மித் தோலைக் கொண்டுவந்தார். அதைப் புனல்மேல் விரித்துப் பெட்ரோலை ஊற்றினார்கள். பெட்ரோல் இறங்கியது. தண்ணீர் தோலின் மேலேயே மணிமணியாக நின்றுகொண்டது. ஹுபர் குனிந்து அதைப் பார்த்தார். அடுப்புக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டில் அரை டம்ளர் எடுத்துத் தொட்டியில் விட்டான் உமாபதி. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச ஈரம் அதில் கரைந்து, உறையாமல் எரிந்துபோகும். டின்னைத் தூக்கி விளிம்புவரை நிரப்பினான். "இனிமே காத்துக்கு உள்ள இடம் இல்லை" என்றான்.

ஜெட்டை வாயில் வைத்து ஊதி, துளை வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுப் பொருத்தினான். பதினொன்று இருபத்தைந்து.

மல்லிகா கருவிப் பையைக் கட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் தனியாகத்தான் போவாள். கூட வரட்டுமா என்று அவன் முதல் வாரத்தில் இரண்டு முறை கேட்டிருந்தான். வேண்டாம், எனக்கே தெரியும் என்று சொல்லியிருந்தாள். பிறகு அவன் கேட்கவில்லை.

"வர்றீங்களா?" என்றாள்.

"கனம் அதிகமாகும்."

"ஆகட்டும். ஏழாவது நிமிஷம் இருமுதான்னு நான் தனியாக் கேட்க மாட்டேன்."

அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான்.

முதல் மேட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி பார்க்கக் கை எடுக்க முடியாது. மேடு முடிந்தது. தேவதாருக்கள் இருபக்கமும் பனி சுமந்து பின்னால் போயின. எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்தது. ஒருமுறை, இரண்டாவது ஏற்றத்தில், ஒரே ஒரு இருமல். அவள் உடம்பு விறைத்தது. தோளில் இருந்த கை அசையவில்லை. "கடைசிச் சொட்டு போகுது" என்று காதருகில் கேட்டது. அதன் பிறகு இருமல் இல்லை.

இத்தனை நாள் அவனோடு சண்டை போட்டதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. கோபம் வரும்போது அவள் பேசமாட்டாள். ஆறிய பிறகு, சமையலறைச் சூட்டில், அவன் முன்னால் உட்கார்ந்து மனசைத் திறந்து பார்ப்பாள். அப்போது அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லை என்பாள். அவனும் சரி என்று விட்டுவிடுவான். விட்டுவிடுகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். இன்று காலை வாசலில் அவள் கத்தியபோது அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திணறும்போது கேட்கிறவன் அவன். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய எஞ்சின் வேண்டியிருந்தது.

மேலே போனபோது பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அவள் குழி வெட்டினாள். அவன் மண்வாரியைக் கேட்டான், அவள் கொடுத்தாள். ஒன்றே முக்காலுக்குள் பதினாறு அடுக்கும் அளந்தாகிவிட்டது. ஐம்பத்திரண்டாம் நாள் என்று பென்சிலால் எழுதினாள். அடியடுக்கில் நீராவி ஏறிப் படிந்து வளர்ந்த கிண்ண வடிவப் படிகங்களை லென்ஸில் அவனுக்குக் காட்டினாள். இதற்கு முன்னால் காட்டியதில்லை. அவன் நெடுநேரம் பார்த்தான்.

"நம்ம தொட்டியில வந்ததைவிட இது அழகா இருக்கு" என்றான்.

மாலை ஐந்து மணிக்குச் சேதுராமனின் போன் வந்தது. "இன்னைக்கு ரீடிங் கிடைச்சுதா? இல்லை, சீரீஸ் போச்சா?"

"கிடைச்சுது."

"பாத்தீங்களா, பாயிண்ட்ஸ்னு சொன்னேன். மெக்கானிக் வந்தாரா?"

"மெக்கானிக் வரல. பாயிண்ட்டும் இல்லை. கார்புரேட்டர்ல தண்ணி உறைஞ்சிருந்தது. என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சார்."

"ஓ, நம்ம உமாபதியா? சாம்பார் ஸ்பெஷலிஸ்ட்? பரவாயில்லையே. எஞ்சினியர்னு நீங்க சொன்னப்ப சும்மா சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"சும்மாதான் சொன்னேன்" என்றாள் மல்லிகா. "அவர் எஞ்சினியர் இல்லை. டிப்ளமோ. ஆயில் எஞ்சின் டெஸ்ட் பெஞ்ச்சில எட்டு வருஷம். நீங்களும் நானும் ஒரு வாரமாப் பாத்தும் தெரியாதது, அவருக்கு ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சுது. எப்படிக் கண்டுபிடிச்சார்னு அடுத்த கூட்டத்துல நானே சொல்றேன். கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்க."

மறுமுனையில் சேதுராமன் சிரித்து, ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சமையலறையில் உமாபதியின் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

இருட்டுவதற்குள் வண்டியை வைக்க வேண்டும். இருவரும் அதைக் கொட்டகைக்குத் தள்ளிப் போனார்கள். பின்னறைப் பலகையை ஹுபர் ஏற்கெனவே எடுத்து விறகோடு அடுக்கிவிட்டிருந்தார். காற்று கிளம்பியது. வண்டியின் மூக்கில் குங்குமத்தின் பழைய சாயம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதன்மேல் பனி விழத் தொடங்கியிருந்தது. மல்லிகா கையுறையால் அதைத் தட்டிவிட்டாள்.

"உள்ள கட்டலாமா? பாவம்" என்றான் உமாபதி.

"கிண்டலா?"

"மாடு குளிர்ல நிக்குதே."

"நிக்கட்டும்" என்றாள். "அதுக்கு இதுதான் நல்லது. இன்னும் எட்டு நாள் இருக்கு." தொட்டி மூடியைத் தொட்டுப் பார்த்து இறுக்கினாள். பிறகு, அவனுடைய விரல்கள் இன்னும் வெளுத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக, அவன் கையுறையைக் கழற்றினாள்.